கேமரா வாங்கித் தந்தால் போதாது

பிளஸ் டூ முடித்த பிள்ளை "ஃபோட்டோகிராஃபி படிக்கப் போறேன்" என்று வாய் திறந்தால் போதும், கூடத்தில் பஞ்சாயத்து கூடிவிடும். "அதுக்கெல்லாம் எதுக்குடா காலேஜ்? ஃபீஸ் கட்டுற காசுல நல்ல கேமராவா ஒண்ணு வாங்கிக்கோ, மிச்சமெல்லாம் யூடியூப்ல இருக்கு" என்பார் மாமா. "தெரிஞ்ச ஸ்டுடியோவுல ரெண்டு வருஷம் அசிஸ்டெண்டா நில்லு, தொழில் தானா கைக்கு வந்துடும்" என்பார் சித்தப்பா. நாலு விஷயம் தெரிந்த அத்தை மகன், "ரகு ராய் எந்தக் காலேஜ்ல படிச்சாரு?" என்று கேட்பான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா கடைசியில் தீர்ப்புச் சொல்வார்: "முதல்ல உருப்படியா ஒரு டிகிரியை முடி. கேமரா எங்கயும் ஓடிடாது."

இந்தப் பேச்சு இன்று வீடுகளோடு நிற்கவில்லை. பயிலரங்குகளில், பேட்டிகளில், தொழிலில் பெயர் எடுத்தவர்களே கூடச் சொல்கிறார்கள்: புகைப்படத்துக்குப் பட்டப்படிப்பு வீண், கண் இருந்தால் போதும். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் புகைப்படப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இதை நான் முழுமையாக மறுக்கிறேன். கல்லூரி தேவையில்லை என்று சொல்லும் வசதி, வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளி வாய்த்தவர்களுக்குத்தான் உண்டு. அப்படி வாய்க்காத பிள்ளையிடம் அதையே அறிவுரையாகச் சொல்வது, அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது.

முதலில் அப்பாவின் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். "உருப்படியா ஒரு டிகிரி" என்று சொல்கிறவர் படிப்புக்கு எதிரி இல்லை. பொறியியலுக்கு லட்சங்களைக் கட்டத் தயாராக இருக்கிறார். கடன் வாங்கவும் தயார். யூடியூபில் பார்த்து என்ஜினியர் ஆகிவிடு என்று அவர் சொல்லமாட்டார். கணக்குப் பதிவியலைக் கடையில் நின்று கற்றுக்கொள் என்றும் சொல்லமாட்டார். படிக்காமலே வரும் என்ற பெருந்தன்மை, படம் எடுக்கும் வேலைக்கு மட்டும் காட்டப்படுகிறது. இதற்குக் காரணம் நம் ஊரின் பழைய நோய்: மூளை வேலை மேல், கைவேலை கீழ். கேமரா பிடிப்பது கைவேலை, கைவேலைக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது. கல்யாணப் பந்தியில் புகைப்படக்காரரைக் கடைசிப் பந்திக்கு நிறுத்திவைக்கும் மனமும், மகன் அந்தப் படிப்பில் சேரக்கூடாது என்று தடுக்கும் மனமும் ஒன்றுதான்.

இந்தப் படிப்பு நேற்று முளைத்த மோகம் என்று நினைப்பவர்கள் சென்னையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். டாகேரின் கண்டுபிடிப்பு பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839-இல். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் வேர், மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி. அந்தப் பத்தாண்டிலேயே அங்கே புகைப்படம் பாடமாக வந்துவிட்டது. பம்பாயின் எல்ஃபின்ஸ்டன் கல்வி நிறுவனத்தில் 1855-இல் புகைப்பட வகுப்பு தொடங்கியது; நம் நாட்டின் தொடக்கக்காலப் புகைப்படக்காரர்களில் ஒருவரான ஹரிச்சந்த் சிந்தாமன் அங்கே பயின்றவர். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசிப் படமெடுத்த காலத்திலேயே, இது சொல்லித்தர வேண்டிய கலை என்று இந்த ஊர் அறிந்திருந்தது. 170 ஆண்டுகள் கழித்து, விரலால் தொட்டாலே படம் விழுகிற காலத்தில், சொல்லித்தர ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுகிறோம்.

அடுத்து மாமாவின் யூடியூப். அங்கே கிடைப்பதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, ரா ஃபைலை லைட்ரூமில் எப்படித் திருத்துவது, இரண்டு ஃபிளாஷை எங்கே வைத்தால் முகத்தில் நிழல் எப்படி விழும் — எல்லாவற்றையும் காசில்லாமல் கற்கலாம். நல்ல ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள், தமிழிலும் இருக்கிறார்கள். கல்லூரி செய்வது இவ்வளவுதான் என்றால் கல்லூரியை மூடிவிடலாம்.

ஆனால் காணொளியைத் தேட, தேட வேண்டிய சொல் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பின்புலத்தை மங்கலாக்குவது எப்படி என்று தேடுகிறவனுக்கு விடை கிடைக்கும். பின்புலத்தை ஏன் மங்கலாக்குகிறாய், அந்தப் பாட்டியின் பின்னால் தெரிந்த சுவரும் ரேஷன் கடைப் பலகையும் உன் படத்துக்கு வேண்டாதவை என்று எப்படி முடிவெடுத்தாய் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. முதலாண்டு மாணவன் கொண்டுவரும் படங்களில் பாதி, முதியவர்களின் சுருக்கம் விழுந்த முகங்கள். மீதி, ரயில் தண்டவாளமும் சூரிய அஸ்தமனமும். அவனுக்குத் திறமை இல்லாததால் வந்த நிலை இல்லை இது. அவன் கைபேசி அவனுக்கு எதைக் காட்டியதோ அதைத் திருப்பித் தருகிறான். எது அதிகம் விரும்பப்பட்டதோ அதையே மேலும் மேலும் காட்டுவது அந்தத் திரையின் இயல்பு. அதை மட்டும் பார்த்து வளர்கிற கண், ஏற்கெனவே பிடித்துப்போனதைத் தாண்டிப் போவது கடினம்.

வகுப்பறையில் நடப்பது வேறு. அச்சிட்ட படங்களைச் சுவரில் ஒட்டிவைத்து, எடுத்தவன் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்க, மற்றவர்கள் அந்தப் படத்தில் தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். வறுமையைக் காட்டினேன் என்று அவன் நினைத்திருப்பான், அந்தத் தெருவிலிருந்து வந்த வகுப்புத் தோழி எழுந்து, "அது என் வீடு மாதிரி இருக்கு, நீ ஏன் அதை இருட்டாக்கின?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் எடுக்கும் படம் மாறும். இதற்கு ஒரே அறையில் வேறு வேறு ஊரிலிருந்தும் வேறு வேறு சாதியிலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். வாரம் தவறாமல் உட்கார வேண்டும். யாருக்கும் யாரும் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவர்களாக இருக்கக்கூடாது. விருப்பக்குறியும் இதயக்குறியும் போடுகிற நண்பர்களிடமும், பணம் கொடுக்கிற வாடிக்கையாளரிடமும் இது கிடைக்காது.

வரலாறும் அப்படித்தான். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கோபுரத்தை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுத்தைப் பின்தொடர்ந்து சுற்றிவந்தவர் அவர். தஞ்சையிலிருந்து வரும் மாணவனுக்கு இதைக் காட்டினால், தான் தினமும் கடந்துபோன கல்லை அவன் வேறு கண்ணோடு பார்ப்பான். ஒரு படத்தில் முடியாததைப் பல படங்களால் சொல்ல முடியும் என்பதையும், ஆள்பவர் எடுத்த படத்தில் ஆள்பவரின் நோக்கமும் சேர்ந்தே பதிந்திருக்கும் என்பதையும் ஒருசேரக் கற்பான். ட்ரைப் என்ற பெயரே தெரியாதவன் அந்தப் பெயரை எந்தத் தளத்திலும் தேடமாட்டான். யாராவது அவன் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். பாடத்திட்டம் இருப்பது அதற்குத்தான்.

இனி அத்தை மகனின் கேள்வி. இதுதான் மிகவும் வலுவானது போலத் தெரிவது. நாடறிந்த புகைப்படக்காரர் ரகு ராய் கட்டடப் பொறியியல் கற்றவர், புகைப்படக் கல்லூரிக்குப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் அவருடைய அண்ணன் எஸ். பால் அன்றைய இந்தியாவின் முன்னணிப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களில் ஒருவர். டில்லியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் ரகு ராய் கேமராவைத் தொட்டார். ஒரு கழுதைக்குட்டியை அவர் எடுத்த தொடக்கக்காலப் படத்தை லண்டன் டைம்ஸுக்கு அனுப்பி வெளிவரச் செய்தவர் அந்த அண்ணன்தான். எந்தப் படத்தை எந்தப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆசிரியர் அவருக்கு வீட்டிலேயே இருந்தார்.

பாப்லோ பார்த்தோலோமியூவும் கல்லூரியில் புகைப்படம் படிக்கவில்லை. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த போபாலில், மண்ணில் புதைக்கப்படும் குழந்தையின் முகத்தை எடுத்து உலகத்தின் மனசாட்சி முன் வைத்தவர்களில் அவர் ஒருவர். அந்தப் படம் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோவின் அவ்வாண்டுச் சிறந்த படமானது. அவருடைய தந்தை ரிச்சர்ட் பார்த்தோலோமியூ நாடறிந்த கலை விமர்சகர், அவரே புகைப்படக்காரர். இருட்டறையில் படம் கழுவுவதையும் ஓவியர்கள் வீட்டுக்கு வந்து வாதிடுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், நூல் ஆலை வைத்திருந்த செல்வக் குடும்பத்தில் பிறந்து, ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் முறையாக ஓவியம் பயின்ற பிறகே கேமராவுக்கு வந்தார். செபாஸ்தியாவோ சல்காடோ பொருளாதாரத்தில் முதுகலை முடித்து, பன்னாட்டுக் காபி அமைப்பில் வேலை பார்த்து, மனைவி லேலியாவின் கேமராவில் தொடங்கியவர்.

இவர்கள் பெருமையை நான் இம்மியும் குறைக்கவில்லை. இவர்களைக் காட்டி, படிப்பில்லாமலும் வரலாம் என்று சொல்கிறவர்கள் பாதிக் கதையைச் சொல்கிறார்கள் என்கிறேன். அண்ணன், அப்பா, ஓவிய ஆசிரியர், உலகம் சுற்றவைத்த உத்தியோகம் — ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லூரி இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவுதான். விருத்தாசலத்தில் ஆட்டோ ஓட்டுநர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு எஸ். பால் அண்ணனாக வரமாட்டார். அவளுக்கு அந்த அண்ணனின் இடத்தில் நிற்கக்கூடியது ஒரு பொது நிறுவனம்தான்.

கல்லூரியில் கற்காமல் வந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். ஆன்செல் ஆடம்ஸ் பியானோ கலைஞராகப் போயிருக்க வேண்டியவர். 1940களின் நடுவில் சான்ஃபிரான்சிஸ்கோவின் கலைக் கல்லூரியில் புகைப்படத்துக்கென்று தனித் துறையை நிறுவினார். தென்னாப்பிரிக்காவின் டேவிட் கோல்ட்பிளாட் வணிகவியல் பட்டதாரி. இனஒதுக்கல் ஆட்சி கறுப்பின இளைஞர்களுக்குக் கல்வியின் கதவுகளை மூடியிருந்த 1989-இல் ஜோகன்னஸ்பர்கில் மார்க்கெட் ஃபோட்டோ வொர்க்‌ஷாப் என்ற பள்ளியைத் தொடங்கினார். இன்று உலகம் அறிந்த ஜனேலே முஹோலி அங்கே பயின்றவர். வங்கதேசத்தின் ஷஹிதுல் ஆலம் லண்டனில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1998-இல் டாக்காவில் பாடசாலா என்ற பெயரிலேயே புகைப்படப் பள்ளி கண்டார். ரகு ராயும் தன் பெயரில் ஒரு புகைப்படப் பயிற்சி மையம் நிறுவினார். தானாகவே வரும் என்று இவர்கள் உண்மையில் நம்பியிருந்தால் பள்ளி திறந்திருக்க மாட்டார்கள். தாங்கள் எவ்வளவு சுற்றிவந்தோம், தங்களுக்கு எது தற்செயலாகக் கிடைத்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அதைப் பிறருக்குத் தற்செயலுக்கு விடக்கூடாது என்றுதான் பள்ளி கட்டினார்கள்.

இப்படிப்பட்ட பள்ளிகளும் கல்லூரிகளும் என்ன தந்தன? 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து, ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். இடிபாட்டுக்குள் ஒருவரையொருவர் தழுவியபடி இறந்துகிடந்த ஆணையும் பெண்ணையும் எடுத்த படம் உலகத்தை உலுக்கியது. எடுத்தவர் தஸ்லிமா அக்தர், பாடசாலாவில் படித்தவர். நாம் போட்டிருக்கும் சட்டை எந்த விலையில் வருகிறது என்று அந்த ஒரு படம் கேட்டது. ரோஹிங்கியா அகதிகளைப் படமெடுத்து 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற ராய்ட்டர்ஸ் குழுவில் இருந்த, 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் பணியின்போது கொல்லப்பட்ட டேனிஷ் சித்திக்கி, டில்லி ஜாமியா மில்லியாவில் மக்கள் தொடர்பியல் படித்தவர். 2022-இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற தயானிதா சிங், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவி. தபலா மேதை ஜாகிர் ஹுசைனைப் பின்தொடர்ந்து அவர் எடுத்த படங்கள் 1986-இல் புத்தகமாயின. அது மாணவப் பருவத்துப் பாட வேலையாகத் தொடங்கியது. ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர, கூலி கேட்காத, அவசரப்படுத்தாத காலம் வேண்டும். அந்தக் காலத்தைக் கொடுப்பது கல்லூரி.

நம் சினிமாவிலேயே விடை இருக்கிறது. பாலு மகேந்திரா மட்டக்களப்பிலிருந்து பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு படித்தார். பி.சி. ஸ்ரீராம் சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர். தமிழ்ப் படங்களில் இயற்கை ஒளி நுழைந்ததும், இருட்டு இருட்டாகவே இருக்கலாம் என்ற துணிச்சல் வந்ததும் இவர்களைப் போன்றவர்களால்தான். அவர்களைப் பார்த்து "எதுக்குப் படிச்சீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. அசையும் படத்துக்குப் படிப்பு வேண்டும், அசையாத படத்துக்கு வேண்டாம் என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை.

சித்தப்பாவின் ஸ்டுடியோவுக்கு வருகிறேன். ஸ்டுடியோக்காரர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தமிழ்நாட்டின் குடும்ப நினைவை ஏறக்குறைய அவர்கள்தான் காப்பாற்றித் தந்தார்கள். விடிகாலை முகூர்த்தத்துக்கு நள்ளிரவே கிளம்பிப்போய், தாலி கட்டும் அந்த நொடியைத் தவறவிடாமல் பிடிக்கிற கை சாதாரணக் கை இல்லை. ஆனால் உதவியாளனாக நிற்கும் பையன் அங்கே என்ன கற்கிறான்? லைட் ஸ்டாண்டைப் பிடிக்க, பேட்டரி மாற்ற, கூட்டத்தை விலக்க, ஆல்பத்துக்கு எது விற்கும் என்று பார்க்க. ஒரு முதலாளியின் பாணியை அவன் கற்கிறான். அந்தப் பாணி சந்தையில் செல்லும் வரை அவனுக்குச் சோறு உண்டு.

சந்தை மாறும்போது என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது, நெகட்டிவ் கழுவுவதும் பிரிண்ட் போடுவதுமே தொழில் என்றிருந்த கலர் லேப்கள் ஊர் ஊராக மூடின. உலகத்துக்கே ஃபிலிம் விற்ற கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கருவியை மட்டும் கற்றவன் கருவியோடு வழக்கொழிந்து போகிறான். ஒளி எப்படி நடந்துகொள்ளும், படம் எப்படிப் பொருள் தரும் என்று கற்றவன் அடுத்த கருவியைக் கையில் எடுக்கிறான்.

ஸ்டுடியோ சூழலில் பிறந்தவர்களே கூடப் படிக்கப் போயிருக்கிறார்கள். 'ரோஜா', 'தளபதி' படங்களின் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனின் தந்தை சிவன், திருவனந்தபுரத்தில் பெயர்பெற்ற ஸ்டுடியோ நடத்தியவர். வீட்டிலேயே எல்லாம் இருந்தும் மகன் பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனார். ஜெர்மனியின் ஆந்திரியாஸ் குர்ஸ்கியின் தந்தை விளம்பரப் புகைப்படக்காரர். குர்ஸ்கி எஸ்ஸனில் படித்து, பிறகு டியூசல்டார்ஃப் கலைக் கழகத்தில் பெர்ன்ட் பெக்கரிடம் மாணவராகச் சேர்ந்தார். அவருடைய 'ரைன் II' 2011-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விலையைவிட எனக்கு முக்கியம், அதே ஆசிரியரிடம் தோமஸ் ஸ்ட்ரூத், கான்டிடா ஹோஃபர், தோமஸ் ரூஃப் என்று ஒரு தலைமுறையே பயின்றது என்பது. தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஒரே மாதிரியான வெளிச்சத்தில், ஒரே மாதிரியான கோணத்தில் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியரிடமிருந்து ஆளுக்கொரு வழியில் பிரிந்துபோனார்கள். ஸ்டுடியோ முதலாளியின் உதவியாளன் அவரைப் போலவே எடுத்தால்தான் வேலை நிலைக்கும். நல்ல ஆசிரியரின் மாணவன் அவரைப் போல எடுக்காமலிருந்தால்தான் தேறுவான்.

யாருக்கு அந்த ஸ்டுடியோ திறந்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரவு இரண்டு மணிக்கு வேனில் ஏறி, தெரியாத ஊர் மண்டபத்தில் தூங்கி, மறுநாள் திரும்பும் வேலைக்கு எத்தனை வீடுகள் பெண்ணை அனுப்பும்? எத்தனை முதலாளிகள் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள்? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவி. அங்கே உடன் படித்த பெண்களே அவருடைய தொடக்கக்காலப் படங்களில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் கேமராவோடு நின்று இன்னொரு பெண்ணை இயல்பாகப் படமெடுக்கும் இடத்தைக் கல்லூரி கொடுத்தது. இன்றும் சிற்றூரிலிருந்து வரும் பெண்ணுக்கு, "காலேஜ் அசைன்மென்ட்" என்ற இரண்டு சொற்கள்தான் மீன்சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் கேமராவோடு போக அனுமதிச் சீட்டு. படிப்பு வேண்டாம் என்கிறவர்கள் அந்தச் சீட்டைக் கிழிக்கிறார்கள்.

தொழில் தெரிந்தால் போதும் என்பவர்கள் சட்டத்தையும் அறத்தையும் பற்றிப் பேசுவதே இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. கல்யாண வீட்டுப் படத்தைத் தன் விளம்பரத்துக்குப் போடுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. சிறார் நீதிச் சட்டமும் அதன் 74-ஆம் பிரிவில் இதே காவலைப் போட்டிருக்கிறது. சட்டம் சொல்வது கடைசி எல்லை மட்டும்தான். சாலையோரத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் எடுக்கலாமா, எடுத்ததைப் போட்டிக்கு அனுப்பலாமா, பரிசு வந்தால் அதில் அவருக்குப் பங்கு உண்டா — இவற்றைச் சட்டப் புத்தகம் சொல்லாது. இருபது வயதில் ஒரு வகுப்பறையில் சண்டைபோட்டுத்தான் இதற்கு விடை தேட வேண்டும். முப்பது வயதில், பெயரும் வருமானமும் வந்த பிறகு, யாரும் இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்வதில்லை.

"ஏஐ வந்துடுச்சு, இனிமே ஃபோட்டோகிராஃபிய யார் சீண்டுவா?" என்பது புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்தாவது குரல். 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர், செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கிய படத்தை சோனி உலகப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது, இது புகைப்படம் இல்லை என்று சொல்லிப் பரிசை மறுத்தார். நடுவர்களையே ஏமாற்றக்கூடிய படத்தை எந்திரம் செய்யும் காலம் வந்துவிட்டது. அழகான அஸ்தமனம் மட்டும் எடுக்கத் தெரிந்தவனுக்கு இது கெட்ட செய்திதான். ஆனால் இந்த இடத்தில், இந்த நாளில், இந்த மனிதர் முன்னால் நான் நின்றேன் என்று பொறுப்பேற்கிறவனின் தேவை கூடத்தான் போகிறது. எந்தப் படத்தை நம்பலாம், ஏன் நம்பலாம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் பத்திரிகைக்கும் நீதிமன்றத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் வேண்டும். கேமராவின் விலையில் அந்தத் தகுதியை வாங்க முடியாது.

என் எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். நம் கல்லூரிகள் பலவற்றில் நான் மேலே சொன்னது எதுவும் நடப்பதில்லை. விஸ்காம் என்ற பெயரில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு, புகைப்படத்துக்கு ஒன்றிரண்டு தாள்களோடு முடித்துவிடுகிறார்கள். கேமராக்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் மாணவன் கைக்கு வருவதில்லை. நூலகத்தில் ஒரு நல்ல புகைப்பட நூல் இருக்காது. படமே எடுக்காத ஆசிரியர், குறிப்பேட்டிலிருந்து அபெர்ச்சருக்கு இலக்கணம் சொல்லித்தருகிறார். இப்படிப்பட்ட இடத்தில் லட்சங்களைக் கொட்டி ஏமாந்தவர்களின் கோபம் நியாயமானது.

அந்தக் கோபம் போகும் திசைதான் தவறு. மருத்துவக் கல்லூரி சரியில்லை என்றால் நல்ல கல்லூரி கேட்கிறோம். மருத்துவம் படிக்கவே வேண்டாம் என்று சொல்வதில்லை. ஹைதராபாதில் ஜவாஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம் புகைப்படத்துக்கென்றே நுண்கலை இளங்கலைப் பட்டம் நடத்துகிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனம் காந்திநகரில் புகைப்பட வடிவமைப்பில் முதுகலை நடத்துகிறது. 1850களிலேயே இதைப் பாடமாக்கிய சென்னை, இன்று ஆர்வமுள்ள ஏழைப் பிள்ளையை வெளி மாநிலத்துக்கு அனுப்பக்கூடாது. அரசுக் கட்டணத்தில், இடஒதுக்கீட்டோடு, முழுமையான புகைப்படப் பட்டப்படிப்பு கவின் கலைக் கல்லூரிகளில் வேண்டும் என்று கேட்பதே நியாயமான கோரிக்கை. படிப்பு வேண்டாம் என்ற பேச்சு பரவிக்கொண்டிருக்கும்வரை அரசுக்கும் வசதி: கேட்பதற்கு ஆள் இல்லை என்று சும்மா இருந்துவிடலாம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளையைச் சேர்க்கும் முன் கல்லூரியைக் கேள்வி கேளுங்கள். கேமராவை மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக முடியுமா? கற்றுத்தருகிறவர் எடுத்த படங்களை எங்கே பார்க்கலாம்? வாரம் ஒருநாளாவது மாணவர் படங்களைச் சுவரில் ஒட்டிப் பேசுகிறார்களா? கடந்த ஆண்டு மாணவர்களின் இறுதி வேலையைக் காட்டுவார்களா? நான்குக்கும் நேரான பதில் வராவிட்டால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பதில் வந்தால் நம்பிச் சேருங்கள். விலையுயர்ந்த கேமராவுக்குக் கடன் வாங்க வேண்டாம். முதலாண்டுக்குப் பழைய கேமராவும் ஒரே ஒரு லென்ஸும் போதும்.

முதலாண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. நூலகத்தை முதல் வாரத்திலேயே கண்டுபிடியுங்கள். உங்கள் தெருவை எடுங்கள். யாரும் எடுக்காததால் அது இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. எடுத்ததை அச்சிடுங்கள். உங்கள் படத்தைக் குறைசொல்லும் தோழரைப் பகைக்காதீர்கள். அவருக்காகத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். "இதுக்கெல்லாம் படிப்பு எதுக்கு?" என்று ஊர் கேட்கும்போது தலைகுனியாதீர்கள். படிப்பில்லாமல் வந்தார்கள் என்று சொல்லப்படுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வீடோ, ஒரு அண்ணனோ, ஒரு ஆசிரியரோ இருந்தார்கள். உங்களுக்குக் கல்லூரி இருக்கிறது. அது உங்கள் உரிமை. முழுதாகக் கேட்டு வாங்குங்கள்.